வலி போச்சு... புண் ஆறிடுச்சா?



போன அறுவடை நேரத்தில் நம் கூட்டமைப்புக்குள் நடந்த ஒரு விஷயத்தை வைத்து இந்த மாதப் பாடத்தை ஆரம்பிக்கிறோம். இதில் நாங்கள் செய்த தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

நம் குழு உறுப்பினர் ஒருவர். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்வோம். களத்தில் நெல் தூற்றும்போது பதர் கண்ணில் பட்டுவிட்டது. "தூசிதானே, தானா போயிடும்" என்று முந்தானையால் கசக்கித் துடைத்திருக்கிறார். மறுநாள் உறுத்தல் அதிகமானதும், பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. ஐந்தாம் நாள் கண் செக்கச் செவேலென்று சிவந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே புண்ணை லேசாகச் சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பூஞ்சைக் கிருமி" என்றார்கள். மணிக்கொரு தரம் மருந்து விட்டதில் கிருமி அடங்கியது. ஆனால் புண் மூடவில்லை. குழி விழுந்து, அந்த இடம் மெலிந்துகொண்டே வந்தது. அதனால் ஆபரேஷன் செய்து, குழியின் மேல் ஒரு சவ்வை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எங்கள் பதிவேட்டில் "அறுவை சிகிச்சை முடிந்தது, நலம்" என்று எழுதி, அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு.

முதல் வாரப் பரிசோதனைக்கு அக்கா சரியாகப் போனார். கண்ணைப் படம் எடுத்துப் பார்த்து, "நல்லாருக்கு, மறுபடி இந்தத் தேதிக்கு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதி வந்தபோது ஊரில் நடவு. "வலி சுத்தமா இல்ல. சிவப்பும் போயிடுச்சு. எதுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் செலவும் பண்ணணும்?" என்று போகவில்லை.

மூன்று நாள் கழித்து வாரக் கூட்டத்தில், குழுவின் பிரதிநிதிதான் சேமிப்பு வசூல் முடிந்ததும் கேட்டார்: "அக்கா, ஆஸ்பத்திரி சீட்டுல போட்ட தேதி என்னாச்சு?" அந்த ஒரு கேள்வி அக்காவின் கண்ணைக் காப்பாற்றியது. மறுநாள் காலையில் எங்களில் ஒருவரும் துணைக்குப் போனோம். படத்தில் பார்த்தால், சவ்வின் கீழ் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கருவிழி, போன தடவையைவிட மெலிந்திருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் காட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்மா" என்றார். சவ்வை மறுபடி வைத்துத் தைத்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தால் கண் நன்றாகத்தான் இருந்தது. வலியும் இல்லை. அப்படியானால் புண் ஆறியதா இல்லையா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அதுதான் இந்தப் பாடம்.

கருவிழி: கண்ணின் முன் கண்ணாடி

கைக்கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணாடி இருக்கும் இல்லையா? அதுபோல நம் கண்ணின் கறுப்புப் பகுதிக்கு மேல் தெளிவான ஒரு மூடி இருக்கிறது. அதைத்தான் கருவிழி என்கிறார்கள். டாக்டர்கள் கார்னியா என்பார்கள். குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் பல அடுக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள தோல் மாதிரியான அடுக்கின் கனம் சுமார் 0.05 மில்லிமீட்டர். இந்த மேல்தோல் கீறினால்தான் கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது.

இது நம்மைப் போன்ற உழைக்கும் மக்களுக்கு அதிகம் வருகிற நோய். மதுரையில் 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டு, அதிலிருந்துதான் புண் வந்திருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பூஞ்சைக் கிருமி. நெல் பதர், சோளத் தோகை, கரும்புத் தோகை, மாட்டு வால்... நமக்குத் தினமும் பழக்கமான பொருள்கள்தான் காரணம்.

பனிக்குடம் கண்ணுக்கு மருந்தாகிறது

அக்காவின் கண்ணில் வைத்த சவ்வு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிரசவ வலி வரும்போது "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு" என்கிறோமே, அந்தப் பனிக்குடத்தின் உட்பக்கச் சவ்வுதான் அது. சிசேரியன் பிரசவத்தின்போது தாயின் சம்மதத்தோடு நஞ்சுக்கொடியை வாங்கி, தாய்க்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை இல்லை என்று இரத்தப் பரிசோதனை செய்து, சவ்வைப் பிரித்துச் சுத்தம் செய்து பாதுகாக்கிறார்கள். கண் சிகிச்சையில் இதை முதன்முதலாக 1940-ல் பயன்படுத்தினார்கள். 1995-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நாம் குழி தோண்டிப் புதைக்கிற ஒன்று, இன்னொரு பெண்ணின் பார்வையைக் காக்கிறது.

இந்தச் சவ்வு இரண்டு விதமாக வேலை செய்கிறது. குழியை நிரப்புகிற மாதிரி உள்ளே வைத்தால், புதுத்தோல் அதன் மேல் ஓரத்திலிருந்து படர்ந்து வரும். பாய் விரித்தால் அதன் மேல் நடப்பதுபோல. கட்டுத்துணி மாதிரி முழுக் கருவிழியையும் மூடி வைத்தால், அதன் அடியில் தோல் வளரும். மேலே மூடிய சவ்வு சில வாரங்களில் தானாகவே கரைந்துவிடும். அது புண்ணின் எரிச்சலையும் வீக்கத்தையும் குறைக்கிறது.

கிருமி அடங்காமல் போனாலோ, பெரிய ஓட்டை விழுந்தாலோ சவ்வு போதாது. அப்போது இறந்தவர்கள் தானமாகத் தந்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள். கருவிழி மாற்று ஆபரேஷன் முதன்முதலாக வெற்றி பெற்றது 1905-ஆம் ஆண்டு. எடுவார்ட் சிர்ம் என்ற டாக்டர், இன்று செக் நாட்டில் உள்ள ஒலமூச் என்ற ஊரில் செய்தார்.

மேலே பார்த்தால் ஏன் தெரியாது?

இட்லி வேகும்போது மேலே பார்த்தால் பூ மாதிரி உப்பி வந்திருக்கும். வெந்துவிட்டது என்று எடுத்தால் நடுவில் மாவாக இருக்கும். அதனால்தான் நாம் விரலை நனைத்து ஒரு குத்துக் குத்திப் பார்க்கிறோம். கண்ணைக் குத்திப் பார்க்க முடியுமா?

சவ்வு வைத்த கண்ணில் இன்னொரு சிக்கல். புண்ணைச் சவ்வு மூடிக்கொள்வதால் வலி குறைகிறது. வலி குறைவதை வைத்து நாம் "ஆறிடுச்சு" என்கிறோம். ஆனால் சவ்வு பால் ஏடு மாதிரி மங்கலாக இருக்கும். அதன் அடியில் என்ன நடக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. விளக்குப் போட்டுப் பார்க்கிற டாக்டருக்கே சில நேரம் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் படம்.

என்னென்ன படங்கள்?

முதலாவது, விளக்குக் கருவியில் எடுக்கும் சாதாரண போட்டோ. மேசையில் உள்ள கருவியில் தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்கார வேண்டும். மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் விட்டுப் பார்த்து, படமும் எடுப்பார்கள்.

இரண்டாவது, சாயம் விட்டுப் பார்ப்பது. மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தால், தோல் இல்லாத இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதன் நீளம், அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவார்கள். அடுத்த தடவை அளவு குறைந்திருந்தால் தோல் மூடிக்கொண்டு வருகிறது. ஆனால் சவ்வு மேலே இருக்கும்போது சாயத்தை மட்டும் நம்ப முடியாது. சவ்வே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஓ.சி.டி. என்ற படம். அக்காவுக்கு எடுத்தது இதுதான். இது எக்ஸ்ரே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைக் கருவிழியில் அனுப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பி வருவதை வைத்து கம்ப்யூட்டர் படமாக வரைகிறது. கேக்கைக் குறுக்கே வெட்டினால் அடுக்கு அடுக்காகத் தெரிவதுபோல, கருவிழியை வெட்டாமலே வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும். இந்தக் கருவியை 1991-ல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். 1994-ல் கருவிழியை இப்படிப் படம் எடுத்து வெளியிட்டார்கள்.

ஊசி கிடையாது, வலி கிடையாது, கருவி கண்ணைத் தொடுவதும் கிடையாது. ஆடாமல் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். "மெஷின்ல வச்சா கண்ணு போயிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இருக்காது. இல்லாத இடத்தில் விளக்குக் கருவியை வைத்தே டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

படத்தில் டாக்டர் எதைத் தேடுகிறார்?

ஒன்று, சவ்வு ஒட்டியிருக்கிறதா? சவ்வுக்கும் கருவிழிக்கும் நடுவில் இடைவெளியோ நீரோ இருந்தால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு, புதுத்தோல் வந்துவிட்டதா? நல்லபடியாக ஆறினால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அறுபடாத ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். நடுவில் கோடு அறுந்திருந்தால் அந்த இடம் இன்னும் திறந்த புண்தான்.

மூன்று, குழி நிரம்புகிறதா? மிகவும் மெலிந்த இடத்தின் கனத்தை அளப்பார்கள். இதை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நல்ல கண்ணின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். கனம் கூடினால் எப்போதும் நல்லது, குறைந்தால் எப்போதும் கெட்டது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. புண் பட்ட கருவிழி நீர் கோத்து வீங்கும். வீக்கம் வடிந்தாலும் கனம் குறையும், அது நல்லது. சதை கரைந்தாலும் கனம் குறையும், அது ஆபத்து. இரண்டையும் பிரித்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும். தானக் கருவிழி வைத்தவர்களுக்கோ, வைத்த பிறகு கனம் ஏறிக்கொண்டே போனால், உடம்பு அதை ஏற்க மறுக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நான்கு, கருவிழிக்குப் பின்னால் சீழ் தேங்கியிருக்கிறதா, உள்ளே உள்ள திரை போன்ற பகுதி புண்ணோடு ஒட்டிக்கொண்டதா என்பதையும் பார்ப்பார்கள்.

ஒரு படம் போதாது

அங்கன்வாடியில் பிள்ளையை மாதா மாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். ஒரு மாத எடையை மட்டும் வைத்து, பிள்ளை வளருதா இளைக்குதா என்று சொல்ல முடியுமா? போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு போட்டால்தான் தெரியும். கண் படமும் அப்படித்தான். அதன் பலன் முழுவதும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஒரு தேதியைத் தவறவிட்டால் கோடு அறுந்துவிடுகிறது. அக்கா முதல் வாரம் போயிருந்ததால்தான், அடுத்த படத்தில் "மெலிந்திருக்கிறது" என்று டாக்டரால் சொல்ல முடிந்தது.

ஆஸ்பத்திரி மாற வேண்டி வந்தாலும் பழைய படங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்க. பரணில் போட்டுவிட்டு வெறும் கையோடு போகாதீங்க.

படத்தால் முடியாததும் உண்டு. எந்தக் கிருமி என்று ஓ.சி.டி. சொல்லாது. அதற்குச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். படம் எடுப்பது வைத்தியமும் ஆகாது. சொட்டு மருந்தை வேளா வேளைக்கு விடுவதும், இரண்டு மருந்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி கொடுப்பதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் நம் வேலை. புண் நன்றாக ஆறினாலும் தழும்பு நிற்கலாம், பார்வை மங்கலாக இருக்கலாம். கண்ணைக் காப்பாற்றுவது முதல் படி. பார்வையைத் திருப்புவது அடுத்த படி. அதற்கு வேறு சிகிச்சை உண்டா என்று பிறகு டாக்டரிடம் கேட்கலாம்.

தேதிக்கு முன்பே ஓட வேண்டிய நேரம்

சீட்டில் போட்ட தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இவை: போன வலி திரும்புவது, சிவப்பு கூடுவது, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, திடீரென்று கண்ணிலிருந்து சூடாக நீர் வழிவது, பார்வை மேலும் மங்குவது, வெள்ளைப் புள்ளி பெரிதாவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்க.

குழு என்ன செய்யலாம்?

நம் உறுப்பினர்கள் பரிசோதனைக்குப் போகாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. கூலி போகும், பஸ் செலவு, துணைக்கு ஆள் இல்லை, வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லை. இந்த நாலும்தான் காரணம். இதை ஒரு ஆளால் தீர்க்க முடியாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் முடியும்.

கூட்டக் குறிப்பேட்டில், சிகிச்சையில் உள்ள உறுப்பினரின் அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதுங்க. கடன் தவணைத் தேதியைக் கேட்பதுபோல இதையும் கேளுங்க. பயணச் செலவுக்குச் சிறு உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்க. துணைக்கு ஒருவர் முறை வைத்துப் போங்க. காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய், எதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரி உதவி மேசையில் கேளுங்க.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: "போன தடவையைவிட இப்ப எப்படி இருக்கு? மேல்தோல் முழுசா மூடிடுச்சா? அடுத்து எப்ப வரணும்?" பயப்படாமல் கேளுங்க. படத்தைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். நம் கண், நம் படம்.

எல்லாவற்றுக்கும் முன்னால்...

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? கீறல் விழுந்த அன்றே பார்த்துவிட்டால் சவ்வும் வேண்டாம், படமும் வேண்டாம். நேபாள நாட்டில் பக்தபூர் பகுதியில் 34,902 பேர் உள்ள ஊர்களில் இரண்டு வருடம் ஒரு திட்டம் நடத்தி, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு ஊர் அளவில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் மூன்று நாள் கிருமிநாசினிக் களிம்பு போட்டார்கள். 424 பேருக்குப் புண் வராமலே ஆறியது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை.

அதனால் கண்ணில் ஏதாவது பட்டால் கசக்காதீங்க. சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கண் டாக்டரிடமோ போங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, நாக்கால் தூசு எடுப்பது எதுவும் வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் மோசமாகும்.

அக்கா இன்று மறுபடி களத்துக்குப் போகிறார். கருவிழியில் சின்னத் தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கண் இருக்கிறது. தூற்றும்போது இப்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார். எங்கள் பதிவேட்டில் "நலம்" என்று எழுதுவதற்கு முன் "கடைசிப் பரிசோதனை முடிந்த தேதி" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் கண் ஆபரேஷன் செய்தவர்கள் யார்? அவர்களின் அடுத்த பரிசோதனைத் தேதி என்ன?
2. தேதிக்குப் போக முடியாமல் செய்வது எது? அதில் குழு எதைத் தீர்க்கலாம்?
3. நம் ஊரில் கண்ணில் தூசு பட்டால் முதலில் என்ன செய்கிறார்கள்? அதில் எதை நிறுத்த வேண்டும்?
4. கண்ணில் அடிபட்டவரை அன்றைக்கே அழைத்துப் போக, நம் குழுவில் யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது?

பேசி எடுத்த தீர்மானத்தை அடுத்த மாதம் எங்களிடம் சொல்லுங்க. வலி போனது நல்ல செய்திதான். புண் ஆறியது என்ற செய்தியை மட்டும் டாக்டர் வாயால் கேட்டு வருவோம்.